எந்தத் தலைக்கு எந்த எண்ணெய்

என் ருக்குமணியக்காவுக்கு,
எங்கே இருந்தாலும் ஈரத் தலையோடு உட்கார்ந்து விரலால் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிற என் தங்கத்துக்கு,

முதலில் திட்டவேண்டியதைத் திட்டி முடித்துவிடுங்கள். முந்தாநாள் என் தலையில் வைத்த எண்ணெய் இன்னும் அப்படியே இருக்கிறது. அலசவில்லை. மெல்லிசு முடிக்கு எண்ணெய் வைத்தால் ஒரு மணி நேரத்தில் அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்டையோடு ஒட்டிக்கொண்டு மழையில் நனைந்த கோழியாட்டம் நிற்பாய் என்று நீங்கள் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. நனைந்த கோழியாகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தலையணை உறை வேறு பாழ். ஏன் அலசவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் இருந்தவரை நமக்குள் கடிதம் எதற்கு? ஒரே வீட்டில் அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான் என்று வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். நான் அடுப்படியில் இருந்து ஒரு குரல் கொடுத்தால், வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பும் துவைகல்லும் இருக்கிற பொடக்காளியில் இருந்து நீங்கள் பதில் கொடுப்பீர்கள். இப்போது குரல் கொடுத்தால் நாய் எழுந்து பார்க்கிறது. பார்த்துவிட்டு அதுவும் படுத்துக்கொள்கிறது.

ஆண்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் நேரத்துக்கு வருகிறார்கள், "ரசம் இருக்குதா" என்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுத் தோப்புக்குப் போகிறார்கள். அண்ணனும் தம்பியும் ஒரு நாளில் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். நானும் ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன், டிவியைப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது, என்னிடம் பேசுகிற மாதிரி இல்லை. தனியாக இருக்கிறேன் அக்கா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ரொம்பத் தனியாக இருக்கிறேன்.

அதிலும் வெள்ளிக்கிழமை வந்தால் எனக்கு ஆகவே ஆகாது. தன் தலைக்குத் தானே எண்ணெய் வைத்துக்கொண்டால் என்ன, கை இல்லையா என்று கேட்பார்கள். முன்மண்டை வரைக்கும் கை போகும்தான். பின்னந்தலையில், கழுத்துக்கு மேலே இருக்கிற அந்தக் குழியில், நம் கையே பட்டால் அதில் என்ன இருக்கிறது? இன்னொருத்தர் பெருவிரல் அங்கே ஒரு சுற்றுச் சுற்றினால்தான் கண் தானாகச் சொக்கும். நீங்கள் போனபிறகு நான் எண்ணெய் வைப்பதையே விட்டுவிட்டேன். தலை காய்ந்து, முடி நுனி பிளந்து, சீப்பைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

நான் வந்த முதல் வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பொள்ளாச்சிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் எல்லாத் தலைக்கும் நல்லெண்ணெய்தான், அதைக் கழுவ அரப்புத்தூள்தான். அம்மா கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பெருமையாகப் பொடக்காளிக்கு வந்தேன். நீங்கள் அதன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. என்னைக் கல்லில் உட்காரச் சொல்லி, என் முடியில் ஓர் இழையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தீர்கள். அப்புறம் உள்ளங்கையை என் உச்சந்தலையில் அழுத்தி எடுத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தீர்கள். புதுப்பெண்ணுக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும்?

"ஏம்புள்ள தனம், எலி வாலாட்டம் இத்தனூண்டு முடிய வெச்சுக்கிட்டு, அதும்மேல இத்தன நல்லெண்ணய ஊத்தினா அது எப்புடி மூச்சு உடும்?"

"எங்கூர்ல எல்லாரும் இதுதானுங்க்கா வெப்பாங்க."

"எல்லாருக்கும் ஒரே மண்டையா இருக்குது? கம்முனு உக்காரு."

அன்றைக்கே எனக்கு வைத்தியம் முடிவாகிவிட்டது. மண்டையில் தானாகவே பிசுக்கு ஊறுகிறது, முடியோ நூல் மாதிரி மெல்லிசு. இதற்குக் கனத்த எண்ணெய் ஆகாது. நம் தோப்புத் தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை மட்டும் போட்டுக் காய்ச்சி, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டி, லேசாகச் சூடு பண்ணி, விரல் நுனியால் மண்டையில் மட்டும் வைத்து, ஒரு மணி நேரத்தில் அலச வேண்டும். "குளிச்சுட்டு வந்து முடி எப்பக் காயுதுன்னு பாரு, அதுவே சொல்லும்" என்றீர்கள். எனக்குக் காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். உங்களுக்கு மத்தியானச் சோறு உண்கிறவரை சொட்டும்.

உங்கள் முடி! கோயில் திருவிழாவில் யாராவது பின்னால் நின்றால் அவர்களுக்குச் சாமி தெரியாது. ஒவ்வொரு சுருளும் ஒரு மோதிரம் கொள்ளும். அந்தக் கனத்துக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் போதாது என்று, அதில் செம்பருத்தி இலையும் கத்தாழையும் போட்டுக் காய்ச்சி, ஆறின பிறகு கொட்டமுத்து எண்ணெய், அதுதான் விளக்கெண்ணெய், கொஞ்சம் கலப்பீர்கள். காய்ந்த தலையில் வைக்கவே மாட்டீர்கள். முடி ஈரமாக இருக்கும்போது வகிடு வகிடாகப் பிரித்து, நுனியில் தொடங்கி மேலே வர வேண்டும். சீப்பு பக்கத்திலேயே வரக்கூடாது, விரல்தான். சுருட்டை முடி தானாக எண்ணெயை நுனிவரை இறக்காது, நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பீர்கள்.

பொடக்காளி மாடத்தில் நம் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். உங்களுடையது தேன் பாட்டில், என்னுடையது தக்காளி சாஸ் பாட்டில். உங்கள் வீட்டுக்காரர், நம் பெரியவருக்குப் பிராந்தி பாட்டிலில் சீரகம் போட்ட நல்லெண்ணெய். அவருக்கு அப்போதே முடி காதோரம்தான். ஆனாலும் வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பக்கம் சித்த மொளைக்கறாப்பல தெரியுது பாரு" என்பார். "மொளச்சா சொல்றனுங்க, இப்பத்திக்கு மண்டைக்கு மட்டும் வெச்சுக்கலாம்" என்று நீங்கள் தேய்ப்பீர்கள். அந்தப் பிராந்தி பாட்டிலைப் பார்த்துவிட்டு, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனது இன்னொரு கதை.

நம் கோகிலாவுக்கு மட்டும் தனிப் பாட்டில் கிடையாது. உங்கள் மகள், உங்கள் சுருட்டை. ஆனால் இழை மெல்லிசு. சுருட்டை என்பதால் காய்ந்துபோகும், எண்ணெய் வேண்டும். மெல்லிசு என்பதால் கனத்த எண்ணெய் வைத்தால் சுருள் செத்துப் படுத்துவிடும். அதனால் உங்கள் பாட்டிலில் பாதி, என் பாட்டிலில் பாதி உள்ளங்கையில் ஊற்றிக் குழைத்து, மண்டையில் படாமல் நுனிக்கு மட்டும் வைப்பீர்கள். "சுருளு என்றது, நூலு உன்றது தனம்" என்று ஒரு நாள் சொன்னீர்கள். சுருள் உங்களுடையதாம், நூல் மாதிரி மெல்லிசு என்னுடையதாம். எனக்குப் பிள்ளை இல்லை என்று யாரும் என் எதிரில் பேசாமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். போகிற போக்கில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வெந்நீர் எடுக்கப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்று அழுதேன், உங்களுக்குத் தெரியாது.

இனி நீங்கள் போன நாளைப் பற்றி. அதைப் பேசாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்கள், அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். மத்தியானத்துக்குள் உறவு முழுக்க வந்துவிட்டது. குளிப்பாட்டுவதற்கு முன்னால் பெண்கள் தலைக்கு எண்ணெய் அரப்பு வைக்கிற நேரம். யாரோ கிண்ணத்தில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! நல்லெண்ணெய் பட்டாலே தும்மித் தலைபாரம் பிடித்து இரண்டு நாள் படுக்கிற மனுசி நீங்கள். அதைக் கடைசியாக உங்கள் தலையில் வைக்க நான் விடுவேனா? கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். மாடத்தில் இருந்து உங்கள் தேன் பாட்டிலை எடுத்து வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, நீங்கள் செய்கிற மாதிரியே ஈரம் பண்ணி, வகிடு பிரித்து, நுனியில் தொடங்கி மேலே வந்தேன். ஒரு சிக்கு விடாமல் விரலாலேயே எடுத்தேன். "நேரமாச்சுங்கம்மிணி, வெளிச்சம் இருக்கறப்பவே எடுக்கோணும்" என்று வாசலில் இருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. பாட்டில் காலியாகிறவரை வைத்து, தளர்வாகப் பின்னி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்றைக்கு அப்படிச் சண்டை போட்டதற்கு இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை. சண்டைக்காரி என்று ஊர் சொன்னால் சொல்லட்டும்.

கோகிலாவும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூரில் இருந்து வந்த கார் வாளையார் செக்போஸ்ட்டில் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டது. அவள் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து எடுக்கப் போகிற நேரம். ஓடி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா எண்ண எங்க சின்னம்மா?" என்றாள். சுவரோரம் தேன் பாட்டில் கவிழ்ந்து கிடந்தது. "தீந்துபோச்சு அம்மிணி" என்றேன். அவள் அந்தப் பாட்டிலையே பார்த்தாள். அதற்குள் ஆண்கள் வந்துவிட்டார்கள். வாய்க்கரிசியைப் போடச் சொல்லிக் கையில் கொடுத்தார்கள்.

அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. சண்டை இல்லை. போன் செய்தால் எடுப்பாள். "ம்" என்பாள், "செரிங்க" என்பாள், "அப்பாகிட்டக் குடுங்க" என்பாள். உங்கள் வருசத் திதிக்கு வந்தவள் பொடக்காளிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வாசலோடு கிளம்பிவிட்டாள். நீங்கள் காய்ச்சியதில் கடைசிப் பாட்டிலை நான் காலி செய்துவிட்டேன், மகளுக்கென்று ஒரு சொட்டு வைக்கவில்லை, அதுதான் அவள் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் இருந்திருந்தால் நடுவில் வந்து இரண்டு பேரையும் ஒரு அதட்டுப் போட்டிருப்பீர்கள். இல்லையே, என்ன செய்வேன்?

சரி, புதுசாகக் காய்ச்சிக் கொடுத்துவிடுவோம் என்று கொல்லங்கோடு கடைவீதிக்குப் போனேன். நம் காதர் பாய் கடையில் கொட்டமுத்து எண்ணெய் கேட்டேன். அவர் அளக்காமல் நின்றார். "யாரு தலைக்குங்க?" என்றார். நீங்கள் பழக்கிவிட்ட பழக்கம், யார் வந்து தலைக்கு எண்ணெய் கேட்டாலும் இப்போது அவர் அதைத்தான் முதலில் கேட்கிறார். "எங்க கோகிலாவுக்குங்க" என்றதும் பாதியாகக் குறைத்து ஊற்றிக் கொடுத்தார்.

காய்ச்சினேன், தீய்த்தேன். சடசடப்பு அடங்கி, இலை மொறுமொறுவென்று ஆகிற பதத்தில் இறக்க வேண்டும் என்று தெரியும். தெரிந்து என்ன? நடுவில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது, நீங்கள்தானோ என்று பொடக்காளிக்குப் போய்ப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான். திரும்பி வருவதற்குள் இலை கருகி, வீடெல்லாம் புகை. அந்த எண்ணெயைத் தோப்புக் கேட்டின் கீலுக்கு விட்டேன், இப்போது கேட்டு சத்தம் போடாமல் திறக்கிறது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கேளுங்கள் அக்கா, கோகிலா முழுகாமல் இருக்கிறாள். நீங்கள் பாட்டியாகப் போகிறீர்கள். பெரியவர் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார், சொல்லிவிட்டு நேராக உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். வெகு நேரம் நின்றார்.

மாதம் ஏற ஏற ஊர் வாய் திறந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குத்தானே கூட்டி வர வேண்டும்? "அங்க யாரு இருக்கறாங்க, பெத்து வளத்தவியளா பாத்துக்குவாங்க?" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். பெறாத எனக்குப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதாம். நான் திருப்பிக் கொடுத்ததை இங்கே எழுத முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தேன். கோகிலாவும் அதையே நினைத்தால்? அவள் வராவிட்டால் இந்த வீட்டுக்கு இனி யார் வருவார்கள்? அவளுக்காகத் தெற்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டிலைத் துடைத்து, காற்று வருகிற பக்கம் திருப்பிப் போட்டேன்.

பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாய் வீட்டார் செய்கிற கட்டுச்சோறு விருந்து முந்தாநாள்தான் நடந்தது. தக்காளிச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு என்று எல்லாம் கட்டிக்கொண்டு, விடிந்ததும் கோயம்புத்தூர் போனோம். விருந்து முடிந்ததும் பெண்ணைக் கூட்டி வருவதுதானே முறை? என் கைப்பையில் துண்டு சுற்றி ஒன்று வைத்திருந்தேன். என் தக்காளி சாஸ் பாட்டில். எனக்கென்று நீங்கள் கடைசியாகக் காய்ச்சி வைத்துவிட்டுப் போனது. வைத்துவிட ஆள் இல்லாததால் நான் தொடவே இல்லை, பீரோவிலேயே இருந்தது. அம்மா எண்ணெய் இல்லாவிட்டாலும் அம்மா காய்ச்சிய எண்ணெய்தானே, இதைக் கொடுத்துச் சமாதானம் பண்ணிக்கொள்வோம் என்று கிளம்பினேன்.

அங்கே உள்ளறையில் ஒரு பியூட்டிஷியன் பெண் கோகிலாவின் காய்ந்த சுருட்டையில் சீப்பைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். நேராக்கினால் போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். கோகிலாவுக்குக் கண்ணில் தண்ணீர். எனக்குப் பொறுக்குமா?

"ஏனுங்கம்மிணி, அதென்ன தேங்கா நாரா? இந்த இழுப்பு இழுத்தா வேரோட கைக்கு வந்துருமில்லீங்க?"

கோகிலா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "சின்னம்மா பாத்துக்குவாங்க, நீங்க சித்த நேரம் வெளிய இருங்க" என்று அந்தப் பெண்ணை அனுப்பினாள். ஒரு வருசத்துக்கும் மேலாகி, இப்போதுதான் என்னைச் சின்னம்மா என்று அவள் வாயால் கேட்டேன்.

தண்ணீர் தெளித்து முடியை ஈரமாக்கினேன். ஓர் இழையை எடுத்து உருட்டிப் பார்த்தேன். பிள்ளை உண்டான பிறகு முடி அடர்த்தியாகியிருக்கிறது, மண்டையிலும் முன்னைவிடப் பிசுக்கு. அதனால் அங்கே இருந்த தேங்காய் எண்ணெயில் நாலு சொட்டு மட்டும் உள்ளங்கையில் தேய்த்து, நுனியில் இருந்து மேலே வந்தேன். மண்டையைத் தொடவில்லை. சுருள் ஒவ்வொன்றாகத் திரண்டு எழுந்தது. முடித்துவிட்டுப் பையில் இருந்து பாட்டிலை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"இது அம்மா காச்சினது அம்மிணி. எனக்குன்னு காச்சினது. நான் தொடவே இல்ல. நீ வெச்சுக்கோ."

அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குத்தான் நான் பேசலைன்னு நெனச்சீங்களா?"

"பின்ன?"

"எண்ண தீந்ததுக்கா நான் அழுதேன்? நான் வந்தப்ப அம்மா தல பூரா எண்ண வெச்சு, சிக்கெடுத்து, பின்னியே முடிச்சிருந்தீங்க. எனக்குன்னு ஒரு சுருளுகூட மிச்சம் வெக்கலீங்க. நான் தொடப் போனப்பக் கலச்சுராத கண்ணுன்னு யாரோ கையப் புடிச்சுட்டாங்க. கடசியா ஒருக்கா என்ற கை எங்கம்மா தலைல படல சின்னம்மா."

அக்கா, அன்றைக்கு நான் உங்களுக்கு எண்ணெயைத் தேர்ந்தெடுத்தேன், சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் வாளையாரில் ஒரு பிள்ளை லாரிகளுக்கு நடுவில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பக்கத்தையாவது பின்னாமல் விட்டிருக்கலாமே?

என்ன செய்வது என்று தெரியாமல் அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொண்டையை அவிழ்த்தேன்.

"இந்தா அம்மிணி. இது உங்கம்மா தல இல்லதான். ஆனா நான் கல்யாணமாகி வந்த நாள்லருந்து உங்கம்மா கை பட்ட தல. இதுல வெய்யி."

அப்புறம் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. கறிவேப்பிலை வாசம் வந்தது. கையில் ஊற்றினாள், தாராளமாக ஊற்றினாள், என் எலி வாலுக்கு அது ஒரு மாதத்துக்குப் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. உச்சியில் வைத்து, காதோரம் இறங்கி, பின்னந்தலைக் குழிக்கு வந்ததும் பெருவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். அதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நீங்கள் அவள் தலையில் வைத்து வைத்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் வயிறு என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் அழுதாள், எண்ணெயோடு சேர்ந்து அதுவும் என் கழுத்தில் இறங்கியது. நானும் அழுதேன். வெளியே சம்பந்தியம்மா கதவைத் தட்டிவிட்டு, என்ன நினைத்தார்களோ, திரும்பிப் போய்விட்டார்கள்.

விருந்து முழுக்க நான் அந்த எண்ணெய் வழிகிற தலையோடுதான் பரிமாறினேன். பட்டுச் சேலையும் நனைந்த கோழித் தலையும். எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ஆனால் கோகிலா நம் வீட்டுக்கு வரவில்லை அக்கா. கிளம்புகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்க சின்னம்மா. அம்மா இல்லாம அந்தப் பொடக்காளில என்னால உக்கார முடியாதுங்க. நீங்க இங்க வாங்க. பொறந்ததும் என்னையும் கொழந்தையையும் நீங்கதான் குளிப்பாட்டோணும்" என்றாள். சம்பந்தியம்மாவும், "வாங்க தனம், எனக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றார்கள். நல்ல மனுசி. நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் தெற்கு அறை அப்படியே கிடக்கிறது. அந்தக் கட்டிலைப் பழைய இடத்துக்குத் திருப்பிப் போட மனசு வரவில்லை.

திரும்பும்போது பின்சீட்டில் என் பக்கத்தில் காலிப் பாத்திரங்கள். என் வீட்டுக்காரர் காரை ஓட்ட, பெரியவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். வாளையாரில் அன்றைக்கும் லாரி வரிசை. கண்ணாடியை ஏற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தோம். பெரியவர் திரும்பாமலேயே, "இந்த வாசம் ருக்கு காச்சினதாட்ட இருக்குதே" என்றார். "ஆமாங்க" என்றேன். அதற்கப்புறம் வீடு வருகிறவரை அவர் கண்ணாடியை இறக்க விடவில்லை.

இப்போது தெரிகிறதா நான் ஏன் அலசவில்லை என்று? நீங்கள் காய்ச்சிய எண்ணெய், உங்கள் மகள் கை. இதில் தண்ணீரை ஊற்ற எப்படி மனசு வரும்? ஊற்றிவிட்டால் நீங்கள் இன்னொரு தடவை போன மாதிரி ஆகிவிடாதா?

ஆனாலும் மண்டை அரிக்க ஆரம்பித்துவிட்டது அக்கா. நீங்கள் சொன்னது எதுதான் தப்பாகியிருக்கிறது? அதனால் சொல்கிறேன், சத்தியமாக நாளைக் காலையில் பொடக்காளியில் உங்கள் கல்லில் உட்கார்ந்து அலசிவிடுகிறேன். கோகிலா தனக்கு ஊற்றி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்த பாட்டிலைக் கவிழ்க்கவில்லை. அடியில் விரல் நனைகிற அளவு இருக்கிறது, கோகிலாவுக்கு அடுத்துக் காய்ச்சும்போது அதில் சேர்ப்பேன், அடுப்பை விட்டு நகர மாட்டேன். பிறக்கிற குழந்தையின் முடியை உருட்டிப் பார்க்கிறவரை எந்த எண்ணெய் என்று வாயைத் திறக்க மாட்டேன். இனி யார் தலையில் கை வைத்தாலும், பின்னால் வருகிற பிள்ளைக்கு ஒரு சுருளை மிச்சம் வைப்பேன்.

எலி வால் முடியோடு,
நூலுக்கு மட்டும் சொந்தக்காரியான உங்கள் ஓரகத்தி,
தனம்